பழைய டிஜிட்டல் கேமரா மக்கர் பண்ணினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த டிஜிட்டல் கேமரா ஒருநாள் லென்ஸைப் பாதியில் நீட்டியபடி நின்றுவிடும், அல்லது எடுத்த படமெல்லாம் கருப்பாக வரும். உடனே "போர்டு போயிருக்கும்" என்று சொல்லி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவில் முதலில் தளர்வது அசைகிற பாகங்கள்தான். எது அசைய மறுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. லென்ஸ் கழற்ற முடியாத சின்ன காம்பாக்ட் கேமராக்கள், லென்ஸ் மாற்றும் எஸ்எல்ஆர் கேமராக்கள் இரண்டைப் பற்றியும் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கோளாறு மெக்கானிக்கலா எலக்ட்ரானிக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதை வைத்துக் கேளுங்கள். சத்தமில்லாத அறையில் கேமராவைக் காதருகே பிடித்து ஆன் செய்யுங்கள். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு, சட்டென்று நின்று, திரையில் பிழைச் செய்தி வந்தால் ஏதோ ஒன்று வழியில் சிக்கியிருக்கிறது. மோட்டார் விடாமல் ஓடியும் லென்ஸ் அசையாவிட்டால் கியர் பல் உடைந்திருக்கலாம், அல்லது கியர் விலகியிருக்கலாம். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் முதலில் பேட்டரி, பேட்டரி மூடி பக்கம் போங்கள்.

அடுத்து, ஆன் பட்டனை விட்டுவிட்டு, எடுத்த படங்களைப் பார்க்கும் பிளேபேக் பட்டனை அழுத்திப் பாருங்கள். நிறைய காம்பாக்ட் கேமராக்கள் அந்தப் பட்டனை அழுத்தினால் லென்ஸை நீட்டாமலேயே விழித்துக்கொள்ளும். பழைய படங்கள் ஒழுங்காகத் தெரிந்தால் போர்டு, திரை, கார்டு மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். சந்தேகம் லென்ஸ், ஷட்டர் (வெளிச்சத்தைத் திறந்து மூடும் தகடுகள்), சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) என்று சுருங்கிவிடும்.

பேட்டரி ஃபுல் என்று காட்டுகிறது. அப்புறமும் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமா?

கட்டாயம். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது சரியான வோல்டேஜைக் காட்டும். லென்ஸ் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் கரண்ட் அதிகம் தேவைப்படும், அப்போது வோல்டேஜ் சரிந்துவிடும். லென்ஸ் பாதியில் நிற்கும். கேமராவும் "லென்ஸ் பிழை" என்றே சொல்லும், பேட்டரியைக் குறை சொல்லாது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் வேறொரு பேட்டரி போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஏஏ பேட்டரி போடும் கேமராவாக இருந்தால், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள்தான் சோதனைக்கு ஏற்றவை. அவற்றின் வோல்டேஜ் 1.2 தான், அல்கலைன் செல்லின் 1.5-ஐ விடக் குறைவு. ஆனாலும் மோட்டார் இழுக்கும்போது அவை நிமிர்ந்து நிற்கும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது செல் கசிந்த அடையாளம். அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பஞ்சு முனையில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் கரையும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது.

மூடியையும் கவனியுங்கள். பல கேமராக்களில் மூடி சாத்தியதும் உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் அழுந்தும். மூடியின் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்து சற்றே தூக்கிக்கொண்டாலும் அந்த சுவிட்ச் அழுந்தாது, கேமரா செத்ததுபோல இருக்கும். கட்டை விரலால் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் அது தெரிந்துவிடும்.

லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. "லென்ஸ் பிழை, கேமராவை மறுபடி ஆன் செய்யவும்" என்று வருகிறது. என்ன செய்வது?

காம்பாக்ட் கேமராக்களில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். கேனன் பவர்ஷாட் கேமராக்களில் முன்பு "இ18" என்ற எண்ணாகவே இது திரையில் வரும். அந்த எண் ஒரு காலத்தில் அவ்வளவு பிரபலம்.

லென்ஸ் எப்படி நீள்கிறது என்று தெரிந்துகொண்டால் எதைத் தேடுகிறோம் என்பது விளங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் சாய்வான பள்ளங்கள் வெட்டியிருக்கும். உள்குழாயின் சிறு முளைகள் அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். மோட்டார் பிளாஸ்டிக் கியர்கள் வழியாக வெளிக்குழாயைச் சுழற்றும்போது முளைகள் பள்ளத்தில் ஏறி உள்குழாயை முன்னே தள்ளுகின்றன. குழாய் எங்கே இருக்கிறது என்பதை ஒரு சிறிய ஒளி சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால் கேமரா மோட்டாரை நிறுத்திப் பிழை காட்டுகிறது. கியர் நொறுங்காமல் காப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே திரும்பத் திரும்ப ஆன் செய்து முட்டவிடாதீர்கள்.

காரணங்கள் பெரும்பாலும் நாலுதான். இடைவெளியில் மணல் அல்லது தூசி. லென்ஸ் நீண்டிருக்கும்போது கீழே விழுந்து முளை பள்ளத்தை விட்டு விலகியது. பைக்குள் தானாக ஆன் ஆகி லென்ஸ் துணியில் முட்டியது. பல வருடம் சும்மா கிடந்து கிரீஸ் இறுகியது.

முதலில் நல்ல பேட்டரி போட்டு, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கேமராவை லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, குழாய்களுக்கு இடையே உள்ள வட்ட இடைவெளியில் ரப்பர் ஊதுபந்தால் சுற்றிச் சுற்றி ஊதுங்கள். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று வேண்டாம், அது தூசியை இன்னும் உள்ளே தள்ளும், சில நேரம் திரவமும் தெறிக்கும். அப்புறம் நார் உதிராத மெல்லிய தாளை நீளமாக வெட்டி, அதே இடைவெளியில் நுழைத்து, வட்டம் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். மணல் இருந்தால் ஓரிடத்தில் தாள் நெருடும். அந்த இடத்திலேயே நின்று வேலை செய்யுங்கள். அதன் பிறகு கவிழ்த்த நிலையிலேயே ஆன் செய்யுங்கள். லென்ஸின் எடையே அது வெளியே வர உதவும், துகளும் கீழே விழும்.

இதற்கும் மசியாவிட்டால் கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் முளை விலகியிருக்கிறது. தூக்கியிருக்கும் பக்கத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்தினால், சில சமயம் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு அது பள்ளத்தில் உட்காரும். இது கடைசி முயற்சி. வேறெதுவும் பலிக்காத, இழக்க ஒன்றுமில்லாத கேமராவில் மட்டும் செய்யுங்கள்.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சுலபமாக நகருமே?

விடாதீர்கள். எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது, பரவிப் பரவி ஷட்டர் தகடுகளுக்குள் போய்ச் சேரும். அந்தத் தகடுகள் அவ்வளவு மெல்லியவை, அவற்றை நகர்த்தும் விசையும் மிகக் குறைவு, ஒரு படலம் எண்ணெய் போதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள. துரு நீக்கும் ஸ்பிரே இன்னும் மோசம். லென்ஸ் சிக்கல் தீர்ந்தாலும் ஷட்டர் சிக்கல் வந்து, கடைசியில் இரண்டும் போய்விடும்.

லென்ஸ் முன்னாடி இருக்கும் மூடித் தகடுகள் முழுசாகத் திறப்பதில்லை. படத்தின் மூலைகள் கருப்பாக வருகின்றன.

தகடுகளின் ஓரத்தில் பிசுக்கு சேர்ந்திருக்கும். ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சு முனையால் ஓரத்தைத் துடைத்து, கேமராவைச் சில முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். அவை வெறும் மூடிதான். சரியாகாவிட்டால் ஆன் செய்த பிறகு விரல் நுனியால் தள்ளிவிட்டே வருடக்கணக்கில் படம் எடுக்கலாம்.

திரையில் காட்சி அழகாகத் தெரிகிறது. எடுத்த படம் மட்டும் வெள்ளையாகக் கோடு கோடாக வருகிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சார் போயிருந்தால் திரையிலும் காட்சி கெட்டிருக்கும். இங்கே சந்தேகம் ஷட்டர் மேல்.

பழைய காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சிசிடி என்ற வகை சென்சார். திரையில் காட்சி காட்டும்போது ஷட்டர் திறந்தே இருக்கும். படம் எடுத்து முடித்ததும் ஷட்டர் மூடிக்கொள்ள வேண்டும். அந்த இருட்டில்தான் சென்சாரிலிருந்து படம் வரிவரியாகப் படிக்கப்படும். ஷட்டர் மூடாமல் ஒட்டிக்கொண்டால் படிக்கும்போதும் வெளிச்சம் கொட்டிக்கொண்டே இருக்கும், அதனால்தான் வெள்ளையும் கோடுகளும். வெயிலில் மோசமாகவும் மங்கலான அறையில் ஓரளவு சரியாகவும் படம் வந்தால் இந்தச் சந்தேகம் உறுதி. ஷட்டர் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு நடக்கும்: மெனு, எழுத்துகள் எல்லாம் தெரியும், காட்சி மட்டும் கும்மிருட்டு.

ஃபிளாஷை அணைத்துவிட்டு, லென்ஸை உங்கள் பக்கம் திருப்பி, உள்ளே பார்த்தபடி படம் எடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கருப்புத் தகடு ஒன்று கண் சிமிட்டுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ஒட்டியிருக்கிறது. தற்காலிகமாகச் சிலர் செய்வது, கேமராவின் பக்கவாட்டை உள்ளங்கையில் மெல்லத் தட்டுவது. தகடு விடுபட்டால் சில நாள் ஓடும். முழுத் தீர்வு வேண்டுமானால் லென்ஸ் பகுதியைப் பிரித்துத் தகடுகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

திரையிலும் காட்சி ஊதா நிறமாகவோ, கோணல்மாணலாகவோ, முழுக் கருப்பாகவோ தெரிந்தால் அது வேறு கதை. 2005 அக்டோபரில், சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதாகின்றன என்ற அறிவிப்பு வந்தது. அந்த சென்சாரை வாங்கிப் பயன்படுத்திய கேனன், நிக்கான், ஃபுஜி உள்ளிட்ட பல நிறுவனங்களின் கேமராக்களும் அதில் சிக்கின. இலவசமாக மாற்றித் தந்த காலம் முடிந்துவிட்டது. 2002-லிருந்து 2004 வரை செய்யப்பட்ட கேமராவில் இந்த அறிகுறி இருந்தால் ஷட்டரைத் தேடி அதைப் பிரிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 கேமராவில் (2011) அபெர்ச்சர் தகடுகள், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள், ஒட்டிக்கொள்வது நன்கு தெரிந்த கோளாறு. படம் பளீரென்று வெளுத்து வரும், ஆனால் கோடுகள் இருக்காது. எஃப்/2-ல் (அகலத் துளை) சரியாகவும் எஃப்/8-ல் (சிறிய துளை) வெளுத்தும் வந்தால் அபெர்ச்சர் சுருங்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எஸ்எல்ஆர் கேமராவில் கிளிக் செய்ததும் மிரர் மேலேயே நின்றுவிட்டது. வ்யூஃபைண்டர் இருட்டு.

முதலில் பேட்டரி. லென்ஸில் வரும் காட்சியை, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடுவது மிரர். அந்த மிரரைத் தூக்கி, ஷட்டரை ஓட்டி, மிரரை இறக்கி, அடுத்த படத்துக்கு ஸ்பிரிங்கை முறுக்கி வைப்பதற்குள் பலம் தீர்ந்தால் அது நடுவழியில் நிற்கும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போட்டதும் பாதிப் பேருக்குத் தானாக இறங்கிவிடும்.

இறங்காவிட்டால் லென்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி கிளிக் செய்யுங்கள். லென்ஸ் இல்லாமல் ஒழுங்காக ஓடினால் தப்பு லென்ஸ் பக்கம். மிரரை விரலால் இழுத்து இறக்க வேண்டாம். அதன் முன்பக்கத்திலேயே பளபளக்கும் பூச்சு இருக்கிறது, விரல் ரேகை பட்டால் போகாது, அழுத்தித் துடைத்தால் பூச்சே வந்துவிடும். பின்னால் இருக்கும் ஷட்டர் திரை இன்னும் மென்மையானது.

மிரர் கழன்று உள்ளே கிடந்தால்கூடப் பயப்பட வேண்டாம். 2005-ல் வந்த கேனன் 5டி கேமராவில் மிரரைப் பிடித்திருந்த பசை காலப்போக்கில் தளர்ந்து மிரர் விழுந்தது, நிறுவனமே ஒத்துக்கொண்டு சரிசெய்து கொடுத்தது. ஷட்டர் திரையில் கீறல் விழாமல் இருந்தால் மறுபடி ஒட்டிப் பொருத்தலாம். ஆனால் மிரர் இம்மி விலகினாலும் வ்யூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸும் படத்தில் வரும் ஃபோகஸும் ஒத்துப்போகாது. அதனால் கை தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

படத்தின் ஒரு ஓரம் கருப்புப் பட்டையாக வருகிறது.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படமா? ஃபிளாஷோடு ஒத்துப்போகும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் 1/200 அல்லது 1/250 விநாடி. அதைத் தாண்டினால் கருப்புப் பட்டை வருவது இயல்பு.

ஃபிளாஷ் இல்லாமலும் வந்தால் வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரை 1/250, 1/1000, 1/4000 என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே எடுங்கள். வேகம் கூடக் கூடப் பட்டை அகலமானால் ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று பிந்துகிறது அல்லது முந்துகிறது. இந்தச் சோதனையை எல்இடி விளக்கிலோ டியூப்லைட்டிலோ செய்யாதீர்கள். அவை கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் நல்ல ஷட்டரிலும் பட்டை விழும். இதைக் கவனிக்காமல் நல்ல ஷட்டரை மாற்றியவர்கள் உண்டு.

ஷட்டருக்கு நிறுவனங்கள் ஓர் ஆயுள் சொல்வார்கள். நிக்கான் டி90-க்கு 1,00,000 கிளிக், நிக்கான் டி700-க்கும் கேனன் 5டி மார்க் 2-க்கும் 1,50,000. அது சோதனைக் கணக்கு, கெடு நாள் கிடையாது. பாதியிலேயே போவதும் உண்டு, இரண்டு மடங்கு ஓடுவதும் உண்டு. போனால் தகடுகளை நிமிர்த்திச் சீர்செய்ய முயலாமல் ஷட்டர் பெட்டியை முழுசாக மாற்றுவதுதான் முறை.

லென்ஸை மாட்டினால் பிழை, கழற்றினால் சரி. அப்போது லென்ஸ் வீணா?

முதலில் லென்ஸிலும் கேமராவிலும் உள்ள தங்க நிறத் தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். கேனனில் "பிழை 01" என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சு அறுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு, அழுக்கினாலும் வரும்.

துடைத்தும் போகாவிட்டால், லென்ஸின் மிக அகலமான அபெர்ச்சரில் ஒரு படம் எடுங்கள், பிறகு எஃப்/8-ல் ஒன்று. முதலாவது எடுத்து இரண்டாவதில் பிழை வந்தால் அபெர்ச்சர் மோட்டாருக்குப் போகும் ரிப்பன் கேபிள் அறுந்திருக்கும். ஜூம் செய்யச் செய்ய ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அது விரிசல் விடுகிறது. கேனன் 24-105 எஃப்/4 லென்ஸில் இது அடிக்கடி வரும். லென்ஸ் வீணாகவில்லை, கேபிளை மாற்றினால் போதும். அதுவரை அகல அபெர்ச்சரிலேயே படம் எடுக்கலாம்.

நிக்கானில் "எஃப்இஇ" என்று வந்தால் அது பழுதே இல்லை. பழைய லென்ஸின் அபெர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய துளைக்கான எண்ணில் (16, 22 போன்றது) வைத்துப் பூட்டுங்கள், போய்விடும்.

பென்டாக்ஸ் கே-30, கே-50 கேமராக்களில் படம் திடீரென்று இருண்டு வந்தால் லென்ஸைச் சந்தேகிக்காதீர்கள். கேமராவுக்குள் அபெர்ச்சரை இயக்கும் சிறு சோலனாய்டு (மின்காந்தத்தால் அசையும் பாகம்) ஒட்டிக்கொள்கிறது. அதை மாற்றிக் கேமராவை மீட்டவர்கள் நிறைய.

டயலை ஒரு பக்கம் திருகினால் எண் முன்னும் பின்னும் தாவுகிறது.

உள்ளே இருக்கும் தொடுமுனைகளில் அழுக்கு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டயலை இரண்டு பக்கமும் நிறையச் சுற்றுங்கள். உரசலிலேயே பாதி போய்விடும்.

நானே பிரிக்கலாமா?

ஃபிளாஷ் உள்ள கேமராவாக இருந்தால் முதலில் இதைப் படியுங்கள். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அப்படியே இருக்கலாம். பட்டால் தூக்கிப் போடும், இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. அதை வெறும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்துத் தீப்பொறி பறக்கவிடுவது தப்பு. ஒன்றிரண்டு கிலோ ஓம், சில வாட் தாங்கும் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் சில விநாடி வைக்க வேண்டும். பிறகு மீட்டரில் அளந்து, வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பின்தான் கை வைக்க வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் மூடியைத் திறக்காதீர்கள். இதில் சமரசம் கிடையாது.

பழக்கம் உண்டென்றால் அடுத்தது ஸ்க்ரூ. ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூ பார்வைக்குச் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ மாதிரிதான் இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற தனி அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, தலையை மழித்துவிடும். தலை மழிந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய தலைவலி. ஜேஐஎஸ் முனை வாங்குங்கள்.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் கேமராவின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே டேப்பில் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டையானது இருந்த துளையில் போட்டால் அது உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள், பெரும்பாலும் இணைப்பின் ஓரத்தில் நகத்தால் தூக்கும் மெல்லிய தாழ் ஒன்று இருக்கும், அதைத் தூக்கினால் கேபிள் தானாக வழுக்கி வரும்.

ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

தயாரிப்பை நிறுத்திச் சில வருடங்களில் நிறுவனங்கள் பாகங்களையும் நிறுத்திவிடுகின்றன. பிறகு ஒரே வழி, அதே மாடலில் வேறு விதமாகப் பழுதான இன்னொரு கேமரா. உங்களுடையதில் லென்ஸ் சிக்கல் என்றால், திரை உடைந்தும் லென்ஸ் நன்றாக நீளுகிற ஒன்றைத் தேடுங்கள். காம்பாக்ட்டில் லென்ஸ் கியரைத் தனியாக மாற்றுவதைவிட லென்ஸ், ஷட்டர், சென்சார் சேர்ந்த பெட்டியை முழுசாக மாற்றுவது சுலபம்.

சரிசெய்த பிறகு எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

ஜூமை முழுக்க நீட்டி, முழுக்கச் சுருக்கி, பல முறை ஓட்டுங்கள். நேராக, கவிழ்த்து, வானம் பார்க்க வைத்து மூன்று நிலைகளிலும் செய்யுங்கள். கவிழ்த்தால் ஓடி, நிமிர்த்தினால் திணறினால் துகள் இன்னும் உள்ளே இருக்கிறது.

அப்புறம் தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி நாலு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நாலும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் மங்கினால் குழாய் இன்னும் சாய்ந்திருக்கிறது, முளைகளில் ஒன்று பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.